ராகி மில் அடைக்குது, சூடாகுது, டிரிப் ஆகுது: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் மில்லுக்கு முதல் வேலை ராகிதான். அடுத்து சாமை, கம்பு, கொள்ளு, மிளகாய், மல்லி. வீட்டுக்கு மில் வாங்கியவர்களும் சின்னதாகக் கடை போட்டவர்களும் கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் இங்கே தொகுத்திருக்கிறோம்.

மூன்று வகை மில்களைப் பற்றிப் பேசுகிறோம். பெட்டி மில் என்பது வீட்டில் வைக்கிற 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மெஷின். உள்ளே பிளேடு சுற்றி, மாவு சல்லடை வழியாக டப்பாவில் இறங்கும். கல் மில்லில் இரண்டு எமரிக் கல், ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும். பல்வரைசர் என்பது கடைகளில் மிளகாய், மல்லி அரைக்கிற, உள்ளே சுற்றும் இரும்புச் சுத்திகள் (சுத்தியல் மாதிரி) அடித்துப் பொடியாக்குகிற மில்.

1. மில்லுல கோளாறுன்னா முதல்ல எதைங்க பார்க்கணும்?

தானியத்தை. அடைப்பு, சூடு, டிரிப், கொரகொரப்பு என்று வருகிற புகார்களில் பாதிக்கு மேல் ஈரத்தாலோ மண்ணாலோ வருபவை. ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் நன்றாகக் காய்ந்த, சுத்தமான புழுங்கலரிசி ஒரு கிலோ போட்டு ஓட்டிப் பாருங்கள். அது சரியாக அரைபட்டால் மெஷினில் குற்றமில்லை.

இன்னொன்று. மில் நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு கிலோ ராகி அரைபட எத்தனை நிமிடம் ஆகிறது, கிளாம்ப் மீட்டரில் (ஒரு ஒயரை மட்டும் கவ்விக் கரன்ட் அளக்கும் கருவி) எத்தனை ஆம்ப்ஸ் காட்டுகிறது, எந்தச் சல்லடை என்று மூடியின் உட்பக்கம் மார்க்கரில் எழுதி வையுங்கள். பின்னால் ‘முன்ன மாதிரி இல்லை’ என்று தோன்றும்போது ஒப்பிட அதுதான் கணக்கு. மெக்கானிக்குக்கும் பாதி வேலை மிச்சம்.

2. ராகி காஞ்சிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? மீட்டர் எல்லாம் எங்ககிட்ட இல்லீங்க.

ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மீட்டர் இல்லாமல் இரண்டு சோதனை செய்யலாம். முதலாவது உப்பு. காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு ராகி, அதில் வெயிலில் காய வைத்த தூள் உப்பு இரண்டு ஸ்பூன் போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கிச் சில நிமிடம் அப்படியே விடுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது, மில் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒட்டவில்லை என்றால் 15-க்குக் கீழே என்று மட்டும்தான் அர்த்தம்.

அதனால் அடுத்தது பல். நாலைந்து மணியை முன்பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஆடிப்பட்டத்து மானாவாரி ராகி அறுவடையாகி வரும் கார்த்திகை, மார்கழியில் புது ராகியைக் களத்திலிருந்து நேராக மில்லுக்குக் கொண்டு வருவார்கள். அடைப்புப் புகார் அதிகம் வருவதும் அப்போதுதான்.

3. நல்லாப் புடைச்சுதான் போடுறோம். அப்புறமும் களி நறநறன்னு இருக்குது, ஏன்?

ராகி மணி ஒன்றரை மில்லிமீட்டர்தான். ரோட்டில் பரப்பி வண்டி ஏற்றி அடித்த ராகியில் அதே அளவு மணலும் சேர்ந்துவிடும். பெரிய கல்லையும் சொங்கையும் மேல் சலிப்பு பிடிக்கும், தூசியைக் கீழ் சலிப்பு இறக்கும். ஒரே அளவு மணலை மட்டும் எந்தச் சல்லடையும் பிரிக்காது. தண்ணீரில் அரித்தெடுத்து, இரண்டு வெயில் காய வைத்து, 2-ஆம் பதிலில் சொன்ன சோதனை பார்த்து அரைப்பதுதான் வழி. ரேஷனில் ராகி வாங்கினால் அதற்கும் இதே முறைதான்.

மணல் தானியத்தில் வந்ததா, மில்லில் வந்ததா என்று பார்க்க ஒரு ஸ்பூன் மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, அரை நிமிடம் விட்டு, மேல்தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இப்படி நாலைந்து தடவை செய்தால் அடியில் மிஞ்சுவது கொரகொரப்பு மட்டும். அதைக் காய வைத்துக் காந்தம் காட்டுங்கள். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு, அதாவது பிளேடோ சுத்தியோ தேய்கிறது. ஒரே கரும்பழுப்பாக இருந்தால் எமரிக் கல், அதில் சில துகள் லேசாகக் காந்தத்தில் ஒட்டவும் செய்யலாம். பல நிறத்தில் இருந்தால் களத்து மணல்.

4. கடைக்காரர் சல்லடை 1, 2, 3ன்னு நம்பர் சொல்றார். களிக்கு எது?

நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். துளை அளவைக் கேளுங்கள். அடை, ரொட்டி, குழந்தைக் கஞ்சிக்கு துளை ஏறக்குறைய அரை மி.மீ. இருக்கும் நைஸ் சல்லடை. களிக்கு அதைவிட ஒரு படி பெரியது போதும். நொய் போட்டுக் கிண்டுகிற களிக்கு மாவு பவுடர் மாதிரி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கொள்ளு உடைக்க, ரவை எடுக்க 2 மி.மீ.க்கு மேல்.

துளை சிறியதானால் மாவு உள்ளேயே அதிக நேரம் சுற்றும், சூடேறும், நேரமும் கரன்ட்டும் கூடும். நைஸ் சல்லடையை எப்போதும் போட்டு வைத்திருப்பது பலருக்குப் பழக்கம். அதை விட்டாலே மோட்டார் ஆயுள் கூடும்.

5. பெட்டி மில்லை எப்பப்பச் சுத்தம் பண்ணணும்? தண்ணி ஊத்திக் கழுவலாமா?

அரைக்கும் அறையில் தண்ணீர் படவே கூடாது. ஒவ்வொரு தடவை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு (சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது), சல்லடையைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் அறையின் மூலைகள், பிளேடின் பின்பக்கம், டப்பா சேரும் வாய் என்று எல்லாம் தட்டிவிடுங்கள். கதவைத் திறந்து அரைநாள் விட்டால் உள்ளே வேர்க்காது. சல்லடையைக் கழற்றும் முன் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் திரும்பத் தலைகீழாக மாட்ட மாட்டீர்கள்.

மாவு டப்பாவின் மேல் இருக்கும் துணி வடிகட்டியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது அடைத்தால் காற்று வெளியேறாது, காற்று போகாவிட்டால் மாவு சல்லடையைத் தாண்டாது. 10 கிலோவுக்கு ஒரு தடவை உதறுங்கள். துவைத்தால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். மாவுத்தூசி பறக்கும் இடத்தில் விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் வேண்டாம். காற்றில் மிதக்கும் மாவு தீப்பிடிக்கும்.

6. மிளகாய் அரைச்ச அப்புறம் ராகி போட்டா கஞ்சியில காரம் அடிக்குது. என்ன பண்றது?

5-ஆம் பதிலில் சொன்னபடி பிரஷ் போட்டுவிட்டு அரைக் கிலோ பச்சரிசி அரைத்துத் தள்ளுங்கள். அந்த மாவைக் குழம்பு மிளகாய்த்தூளோடு சேர்த்துக்கொள்ளலாம். கடை வைத்திருப்பவர்கள் மிளகாய்க்குத் தனி மில் வைப்பதே சரி. முடியாவிட்டால் காலையில் ராகி, சாமை, மதியத்துக்கு மேல் மல்லி, கடைசியில் மிளகாய் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

7. அரைச்சுக்கிட்டே இருக்கும்போது நின்னுடுது, பின்னாடி ஒரு சின்னப் பட்டன் வெளிய துருத்திக்கிட்டு வருது.

அது ஓவர்லோடு பட்டன். மோட்டார் தாங்குகிற அளவுக்கு மேல் கரன்ட் இழுத்ததால் தானாக அணைந்திருக்கிறது. உடனே அழுத்தி மறுபடி ஓட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, அறையில் நிற்கும் தானியத்தை எடுத்துவிட்டு, 20 நிமிடம் ஆற விட்டு, பட்டனை அழுத்தி, முதலில் காலியாக ஓட்டுங்கள்.

காலியாக ஓடும்போதும் டிரிப் ஆனால் பேரிங், வோல்டேஜ், காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) மூன்றில் ஒன்று. காலியாக நன்றாக ஓடி, தானியம் போட்டதும் டிரிப் ஆனால் மேல் தொட்டியின் கதவு அதிகம் திறந்திருக்கிறது, சல்லடை அடைத்திருக்கிறது, அல்லது ராகி ஈரம். சல்லடையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கால்வாசிக்கு மேல் துளைகளில் வெளிச்சம் தெரியவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பின்பக்கத்திலிருந்து கெட்டி பிரஷ்ஷால் தேயுங்கள்.

8. சுவிட்ச் போட்டா ‘ம்ம்ம்’னு உறுமுது, ஆனா சுத்தல.

இரண்டு, மூன்று விநாடிக்கு மேல் அப்படி விடாதீர்கள், காயில் போய்விடும். பிளக்கைப் பிடுங்கி, பிளேடை ஒரு மரக்குச்சியால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது அல்லது பேரிங் இறுகிவிட்டது. தாராளமாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டன்சர்தான் (மோட்டார் கிளம்ப உதவும் சின்ன உருளைப் பாகம்). உப்பியிருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பழைய கண்டன்சரில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட்டும் அப்படியே உள்ள புதியதைத்தான் போட வேண்டும். ‘பெருசாப் போட்டா பவர் கூடும்’ என்று சொல்வார்கள். பவர் கூடாது, மோட்டார் சூடாகும். கழற்றும் முன் பழைய குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் இரண்டு ஒயரையும் கண்டன்சர் முனைகளில் வைத்து மிச்சக் கரன்ட்டை இறக்குங்கள். பிளக் பிடுங்கிய பிறகும் அது ஷாக் அடிக்கும்.

9. சாயங்காலம் கரன்ட் டல்லா இருக்கும்போது ஓட்டலாமா?

வேண்டாம். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் இழுவை சுமார் 60 சதவீதம்தான். தானியம் அதே அளவு, இழுவை குறைவு, அதனால் கூடுதல் ஆம்ப்ஸ் இழுத்துச் சூடாகும்.

ஆனால் எல்லாப் பழியையும் லைன் மேல் போடுவதற்கு முன் ஒரு சோதனை. பிளக் பாயின்ட்டில் மில் ஓடாதபோது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 225, ஓடும்போது 195 என்றால் பெரும்பாலும் உங்கள் ஒயரிங்கில்தான் இறங்குகிறது. 16 ஆம்ப் சாக்கெட், மெயினிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், நல்ல எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மில் ஓட்டுவது வேண்டவே வேண்டாம்.

10. நடுவுல கரன்ட் போயிட்டா?

முதல் வேலை சுவிட்சை அணைப்பது. ஸ்டார்ட்டர் இல்லாத பெட்டி மில் கரன்ட் வந்ததும் உள்ளே நிறைந்த தானியத்தோடு தானாகக் கிளம்பப் பார்க்கும், 8-ஆம் கேள்வியின் உறுமல் அங்கேதான் ஆரம்பம். அறையைக் காலி செய்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். கல் மில்லானால் கல்லைத் தளர்த்தி இடைவெளி விட்டு, கிளம்பிய பிறகு இறுக்குங்கள்.

11. சாதா ராகி நல்லா அரையுது. முளைகட்டினது மட்டும் சல்லடையில அப்பிக்குது. ஏன்?

முளைக்கும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரை கொஞ்சம் ஈரத்தையும் சூட்டையும் பார்த்தால் பசையாகிவிடும். சாதா ராகிக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஈரம் இதற்கு ஆகாது. மேல் காய்ந்து உள்ளே ஈரமாக இருப்பதும் முளைகட்டியதில் சகஜம்.

ஓர் இரவு ஊற வைத்து, வடித்து, துணியில் கட்டி ஒன்றரை, இரண்டு நாள் முளை விட்டு, மெல்லிசாகப் பரப்பி இரண்டு, மூன்று வெயில் காய வையுங்கள். கையால் கசக்கினால் வேர்முடி தானாக உதிர வேண்டும். உதிர்ந்ததைப் புடைத்துத் தள்ளுங்கள். அது சல்லடையையும் அடைக்கும், கசப்பும் தரும். இளஞ்சூட்டில் வாசனை வர வறுத்து, முழுக்க ஆறிய பிறகு அரையுங்கள். சூட்டோடு போட்டால் ஆவி டப்பாவுக்குள் வேர்த்து மாவு உருண்டையாகும். ஒரு படி பெரிய சல்லடையில் ஒரு தடவை, நைஸில் ஒரு தடவை என இரண்டு ஓட்டு. கிலோ கிலோவாக, நடுவில் பத்து நிமிடம் இடைவெளி விட்டு.

12. சாமையைத் தோலோட போட்டா உமி தனியா வந்துடுமா?

வராது. பெட்டி மில்லும் பல்வரைசரும் உமியையும் சேர்த்து மாவாக்கும். உமி நீக்கத் தனி மெஷின் வேண்டும். கல் மில்லில் இடைவெளியைக் கூட்டி உடைத்துப் புடைக்கலாம், ஆனால் குருணை நிறைய விழும். உமி நீக்கிய அரிசியை அரைக்க எந்த மில்லும் போதும்.

13. மாவு கை வைக்க முடியாத சூட்டுல வருது. கல்லு கொத்தணுமா?

மூன்று அறிகுறியும் சேர்ந்து வந்தால் கொத்த வேண்டும்: மாவு சூடு, 1-ஆம் பதிலில் எழுதி வைத்ததைவிட ஆம்ப்ஸ் கூடுதல், அதே நேரத்தில் இறங்கும் மாவு குறைவு. சூடு மட்டும் என்றால் கல் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம், அல்லது மேலிருந்து தானியம் போதாமல் கல்லும் கல்லும் உரசலாம். உரசலைக் காது சொல்லும்: தானியம் ஓடும்போது ‘ஹொர்ர்’ என்று கனத்த சத்தம், கல் கல்லைத் தொடும்போது ‘கீச்’ என்று வறண்ட சத்தம்.

கொத்தும்போது வரிப்பள்ளம் கண்ணுப் பக்கம் (தானியம் விழும் நடுத்துளை) ஆழமாகவும் விளிம்பை நோக்கி வர வர மேலோட்டமாகவும் இருக்க வேண்டும். கண்ணருகே 4, 5 மி.மீ., விளிம்பில் 1 மி.மீ.க்கும் கீழே. விளிம்பில் மூன்று விரல் அகலம் ஏறக்குறைய தட்டையாகவே விடுங்கள். நைஸ் மாவு உருவாகிற இடம் அதுதான். விளிம்பு வரை ஆழமாகக் கொத்திவிட்டால் தானியம் பாதி அரைபட்டே வெளியே ஓடிவிடும், எவ்வளவு இறுக்கினாலும் குருணைதான். கொத்துபவர் கண்ணாடியும் மாஸ்க்கும் போடாமல் உட்கார வேண்டாம்.

கொத்தியதும் பிரஷ்ஷால் தட்டி, இரண்டு, மூன்று கிலோ மலிவான தானியம் அரைத்துக் கொட்டிவிடுங்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், அதில் கல்தூள்தான் இருக்கும்.

14. கொத்தி முடிச்சாச்சு. ஆனா ஒரே மாவுல நைசும் இருக்கு, குருணையும் இருக்கு.

கல் சமமாக உட்காரவில்லை. நல்ல நேரான மரச்சட்டம் ஒன்றில் காவியைத் தண்ணீரில் குழைத்து மெல்லிசாகத் தடவி, கல்லின் முகத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மேடான இடத்தில் மட்டும் காவி ஒட்டும். அந்தத் திட்டுகளை மட்டும் லேசாகக் கொத்தி, துடைத்து, மறுபடி காவி. முகம் முழுக்கப் பரவலாகச் சிவக்கும் வரை இதையே செய்யுங்கள்.

முகம் சமமாக இருந்தும் பிரச்சினை போகாவிட்டால் மில் அணைந்த நிலையில், சுற்றும் கல்லைக் கையால் சுற்றிக்கொண்டே நாலு இடத்தில் இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரே கனமுள்ள அட்டையைச் செருகிப் பாருங்கள். ஒரு இடத்தில் இறுக்கம், எதிர்ப்பக்கம் தளர்வு என்றால் நிற்கும் கல்லின் போல்ட்டுகளைச் சரி செய்ய வேண்டும். இறுக்கம் கல்லோடு சேர்ந்து இடம் மாறினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. அதைக் கொத்திச் சரி செய்ய முடியாது.

15. பல்வரைசர் தரையே அதிர்ற மாதிரி ஆடுது. போல்ட் எல்லாம் டைட்டாத்தான் இருக்கு.

சுத்திகளைக் கழற்றி எடை போடுங்கள். எதிரெதிர் ஜோடி ஒரே எடையில் இருக்க வேண்டும். ஒன்று உடைந்ததும் அதை மட்டும் புதிதாக மாட்டியவர்களுக்கு இந்த ஆட்டம் நிச்சயம். மாற்றினால் முழு செட், முடியாவிட்டால் எதிர் ஜோடியாவது. முனை மழுங்கியிருந்தால் பல மாடல்களில் திருப்பிப் போட்டு மறு முனையைப் பயன்படுத்தலாம். அப்போதும் எல்லாவற்றையும் சேர்த்தே திருப்புங்கள். சுத்தி சரியாக இருந்தும் ஆடினால் புல்லியும் பேரிங்கும்.

16. பெல்ட் கிளம்பும்போது கத்துது. ரெசின் போட்டா நிக்குது, மறுநாள் மறுபடி கத்துது.

ரெசினை (பெல்ட் வழுக்காமல் இருக்கப் போடும் பிசின்) நிறுத்துங்கள், அது பெல்ட்டைத் தின்னும். இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு மீட்டர் தூரத்துக்கு 16 மி.மீ. அளவு இறங்க வேண்டும், அரை மீட்டருக்கு 8. அதிகம் இறங்கினால் மோட்டாரைப் பின்னால் தள்ளுங்கள். இறங்கவே இல்லை என்றால் பேரிங் சீக்கிரம் போகும். ஒரு நூலை இரண்டு புல்லியின் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தால் நாலு இடத்திலும் தொட வேண்டும். இரண்டு, மூன்று பெல்ட் ஓடும் மில்லில் ஒன்று போனாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், பாரம் முழுக்கப் புதியது மேல் விழும்.

17. மாவுல கறுப்புக் கறுப்பா கோடு. என்னது?

கொஞ்சத்தை வெள்ளைத் தாளில் தேயுங்கள். தாள் எண்ணெய்க் கறையாகி வெளிச்சம் ஊடுருவினால் கிரீஸ். ஷாஃப்ட்டின் ஆயில் சீல் தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ அன்பு மிகுதியால் கிரீஸ் கன்னில் பத்துப் பதினைந்து அடி அடித்திருக்கிறார்கள். நிப்பிள் உள்ள பேரிங்குக்கு இரண்டு, மூன்று அடி லித்தியம் கிரீஸ் போதும். நிறைத்தால் அதுவே சூடாகி சீலைத் தள்ளும். இரண்டு பக்கமும் மூடிய பேரிங்குக்கு கிரீஸே வேண்டாம், தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். சீல் மாற்றும் வரை அந்த மில்லில் சாப்பாட்டு மாவு அரைக்கக் கூடாது. கறை இல்லாமல் பொடியாக இருந்தால் 3-ஆம் பதிலின் காந்தச் சோதனை.

18. லைன்மேன் வேலை பார்த்துட்டுப் போனதுலேர்ந்து மில் ஓடுது, ஆனா மாவே தள்ள மாட்டேங்குது.

த்ரீ பேஸ் லைனில் இரண்டு பேஸ் இடம் மாறியிருக்கிறது, மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. புல்லி மேல் அம்புக்குறி இருக்கும், இல்லாவிட்டால் இப்போதே பெயின்ட்டில் போட்டு வையுங்கள். தலைகீழாக ஓட்டினால் கல் பிடிக்கிற நட் தானாகக் கழன்றுவிடுகிற மில்களும் உண்டு, அதனால் ‘ஓடுதே’ என்று விடாதீர்கள். ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகும், அது எலெக்ட்ரீஷியன் வேலை.

மோட்டார் கிளம்பாமல் உறுமினால் ஒரு பேஸ் வரவில்லை. உடனே அணையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் இழுத்துக்கொண்டே ஓடிக் காயில் கருகும். அதற்கு சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஒன்று போட்டால் போதும். காயில் சுற்றுகிற கூலியோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்ப்ஸில் வையுங்கள், டிரிப் ஆகிறதே என்று ஏற்றி வைக்காதீர்கள்.

19. அஞ்சு கிலோ கொடுத்தா குறைச்சலா வருதுன்னு கஸ்டமர் சண்டைக்கு வர்றாங்க. திருடுறோம்னு நினைக்கிறாங்க.

மூன்று வழியில் குறையும்: அரைபடும் சூட்டில் ஈரம் ஆவியாகிறது, அறையிலும் பையிலும் மாவு தங்குகிறது, தூசியாகப் பறக்கிறது. ஈர ராகி கொண்டு வந்தவருக்குக் குறைவு அதிகம் தெரியும். முதல் ஆள் மாவில் குறைந்தது அடுத்த ஆள் மாவில் சேரும் என்பதும் உண்மை. அதனால் பையை இரண்டு ஆளுக்கு ஒரு தடவை உதறுங்கள், போடும்போதும் எடுக்கும்போதும் கஸ்டமர் கண் முன்னாலேயே எடை போடுங்கள். 5 கிலோவுக்கு 100 கிராம் வரை குறைந்தால் கவலைப்பட வேண்டாம். கால் கிலோ குறைந்தால் டப்பா கதவின் ரப்பர், பையின் தையல், ஷாஃப்ட் சீல் என்று எங்கே மாவு ஒழுகுகிறது பாருங்கள்.

20. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கோம். மார்கழி மாசக் காலையில மட்டும் மாவு அறையில ஒட்டிக்குது.

இரவுப் பனியில் இரும்பு சில்லிட்டிருக்கும், வெதுவெதுப்பான மாவு பட்டதும் வேர்க்கிறது. பெட்டி மில்லையும் பல்வரைசரையும் மூன்று நிமிடம் காலியாக ஓட்டி, அறையைத் துணியால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கல் மில்லைக் காலியாக ஓட்டுவதானால் கல்லை நன்றாகத் தளர்த்திய பிறகு. வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

21. பழைய மில் ஒண்ணு விலைக்கு வருது. வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

உங்கள் ராகியை நீங்களே கொண்டுபோங்கள், 2-ஆம் பதிலின்படி காய்ந்தது, ஐந்து கிலோ. போய்ச் சேரும்போது மில் ஆறியிருக்க வேண்டும். ‘இப்பதான் ஓட்டிக் காட்டினோம்’ என்றால் ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள், ஆறிய நிலையில் கிளம்புகிறதா என்பதுதான் கண்டன்சருக்கும் பேரிங்குக்கும் சோதனை. கிளாம்ப் மீட்டரைப் போட்டு, தகட்டில் உள்ள ஆம்ப்ஸோடு ஒப்பிடுங்கள். தகடே இல்லை என்றால் மோட்டார் மறுபடி சுற்றப்பட்டதா என்று நேராகவே கேளுங்கள்.

அரைத்து முடித்ததும் மாவில் 3-ஆம் பதிலின் டம்ளர் சோதனையும் 17-ஆம் பதிலின் தாள் சோதனையும். பிறகு அணைத்துவிட்டு ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசையுங்கள், விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் பேரிங் செலவை விலையில் கழியுங்கள். கல் மில்லானால் கல்லின் கனத்தை அளந்து, அதே மாடல் புதுக் கல்லின் கனத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள். அதே அளவு கல்லும் சல்லடையும் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உதிரிபாகக் கடையில் விசாரித்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.